மெக்சிகோ நகரத்தின் தெருப் பேச்சு: பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு மெக்சிகோ நகரத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கேள்வி கேட்க வருகிறது, பதில் புரிவதில்லை. பாடத்தில் படித்த சொல் எதுவும் அந்தப் பதிலில் இல்லை. உடனே கொச்சைச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் முதலில் இருக்கும் ‘வெய்’ (‘மச்சி’ மாதிரி ஒரு சொல்) என்பதைக் கடைக்காரர், காவலர், வீட்டுக்காரரின் அம்மா என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே வரிசை வேறு. முதலில் ஓசை, பிறகு மரியாதை, அப்புறம் யாரிடமும் சொல்லக்கூடிய எளிய சொற்கள். நண்பர்களுக்குள் புழங்கும் கொச்சை கடைசியில்தான் வரும். காதுக்கு எல்லாச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும், வாய்க்குக் கொஞ்சம் போதும்.

1. கிளம்பும் முன் தேவையானவை

அடிப்படை ஸ்பானிஷ் கொஞ்சமாவது இருக்க வேண்டும். வணக்கம், நன்றி, எவ்வளவு, எங்கே, ஆயிரம் வரை எண்கள், இவ்வளவும் தடுமாறாமல் வரட்டும். எண்களில் 60க்கு ‘ஸெஸேந்தா’, 70க்கு ‘ஸெதேந்தா’. இரண்டும் காதில் ஒன்றுபோல விழும், காசு கொடுக்கும்போது குழப்பும். இந்த இரண்டை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

சில பாடத்திட்டங்கள் ஸ்பெயின் நாட்டு வழக்கைக் கற்றுத் தருகின்றன. அதில் ‘வொஸோத்ரோஸ்’ என்ற முன்னிலைப் பன்மையும் அதற்கான வினைமுற்றுகளும் வரும். மெக்சிகோவில் அது பேச்சில் இல்லை. பலரைப் பார்த்துப் பேச ‘உஸ்தேதெஸ்’ ஒன்றே போதும். அந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டால் நிறைய நேரம் மிச்சம்.

அகராதியும் மெக்சிகோவுக்கு உரியதாக இருக்க வேண்டும். எல் கொலேஹியோ தே மெஹிகோ என்ற உயர்கல்வி நிறுவனம் மெக்சிகோ ஸ்பானிஷுக்கென்றே ஓர் அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விளக்கம் ஸ்பானிஷில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு சொல் வசையா இல்லையா என்பதை அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பொதுவான மொழிபெயர்ப்புச் செயலிகள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

2. முதலில் நாக்கைச் சரிசெய்யுங்கள்

இதில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பெரிய வசதி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷுக்குள் வருவதால், ரொட்டியில் உள்ளீடு வைத்து மடித்த உணவை ‘டாக்கோ’ என்கிறார்கள். ஸ்பானிஷில் நாக்கு பல்லைத் தொடும், அது நம் ‘த’. ‘தாக்கோ’ என்றாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘ட’ என்ற ஒலியை இந்த மொழிக்கு மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

சொல்லின் நடுவில் வரும் மெல்லிய ‘த’வும் அப்படித்தான். ‘அது’, ‘காது’ என்று சொல்லும்போது வரும் ஒலியே ‘நாதா’ (ஒன்றுமில்லை), ‘தோதோ’ (எல்லாம்) ஆகியவற்றின் நடுவில் வருகிறது. ‘ஞ’ நமக்குப் பழக்கமானது, ‘ஸெஞோரா’ என்று தயங்காமல் சொல்லலாம்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வல்லின ஒலியைக் காட்ட ‘க்க’, ‘த்த’ என்று இரட்டிக்க வேண்டியிருக்கிறது. பேசும்போது அங்கே அழுத்திச் சொல்லக் கூடாது, ஒற்றை ஒலியாகவே விட்டுவிடுங்கள்.

நாம் உண்மையிலேயே சறுக்கும் இடம் அழுத்தம். ‘பாப்பா’ என்று முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, ‘பப்பா’ என்று கடைசி அசையை அழுத்தினால் அப்பா. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நாம் எல்லா அசையையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம், கேட்பவருக்குச் சொல்லே புரியாமல் போகிறது. புதுச் சொல் ஒன்றைக் கேட்டதும், பொருளுக்கு முன் எந்த அசையில் அழுத்தம் என்று கவனியுங்கள்.

தலையாட்டலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பாணியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அங்கே ‘இல்லை’ என்றோ ‘தெரியாது’ என்றோ எடுத்துக்கொள்வார்கள். மேலும் கீழுமாக ஆட்டுங்கள். எதிரில் இருப்பவர் சுட்டுவிரலை மட்டும் மடக்கி மடக்கிக் காட்டினால் ‘ஆமாம்’ என்று பொருள்.

3. மரியாதையை முதலில் பிடியுங்கள்

‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம், எங்கே எது என்ற உணர்வு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் செயலிகள் ‘தூ’ வடிவத்தையே அதிகம் பழக்குவதால் வாயில் அதுதான் முதலில் வருகிறது. கடைக்காரர், ஓட்டுநர், காவலர், வயதில் பெரியவர், முதல் தடவை பார்க்கும் யாராக இருந்தாலும் உஸ்தெத். அவர்களே ‘தூ’வில் பேசலாம் என்று சொன்னபின் மாறிக்கொள்ளுங்கள்.

எதையும் கேட்கும்போது ‘தாமே’ (கொடு) என்று ஏவாமல், ‘மே தா…?’ என்று கேள்வியாக்குங்கள். ‘எனக்குத் தருகிறீர்களா?’ என்ற தொனி அதில் வருகிறது. ‘வேண்டும்’ என்று பொருள்படும் ‘கியேரோ’ தவறில்லை, கொஞ்சம் வறட்சியாக ஒலிக்கும். மெக்சிகோ நகரத்தில் பேச்சு வளைந்துதான் போகும். நேராக வெட்டிச் சொன்னால் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

யாராவது கூப்பிட்டாலோ, சொன்னது காதில் விழவில்லை என்றாலோ ‘கே?’ (என்ன?) என்று கேட்காதீர்கள். ‘மாந்தே?’ என்று கேளுங்கள். ‘சொல்லுங்க’ என்று நாம் பணிவாகக் கேட்பதற்கு ஈடானது அது. இந்த ஒரு சொல்லுக்கே முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம்.

பரிமாறும் ஆணை ‘ஹோவென்’ என்று அழைப்பார்கள். இளைஞர் என்று பொருள், ஐம்பது வயதுக்காரரும் ஹோவென்தான். பெண்ணாக இருந்தால் ‘ஸெஞோரித்தா’. தெருவில் யாரையாவது நிறுத்தி வழி கேட்க ‘திஸ்குல்பே’ (மன்னிக்கவும்) என்று தொடங்கவும். கூட்டத்தில் நகரவும், மேசையிலிருந்து எழவும் ‘கோன் பெர்மீஸோ’. சாப்பிடுகிறவர்களைக் கடந்து போகும்போது அறிமுகம் இல்லாவிட்டாலும் ‘ப்ரொவேச்சோ’ என்று சொல்வது வழக்கம். நீங்கள் சாப்பிடும்போது யாரோ அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் ‘க்ராஸியாஸ்’ என்றால் போதும்.

4. யாரிடமும் சொல்லக்கூடிய சொற்கள்

மரியாதை கைக்கு வந்தபின் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவை கொச்சையாக ஒலித்தாலும் யாரையும் புண்படுத்தாதவை.

‘ஓரலே’ என்பதற்கு ஒரே பொருள் தேடாதீர்கள். தொனிதான் பொருள். இழுத்துச் சொன்னால் வியப்பு, சட்டென்று சொன்னால் சம்மதம், வேகமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னால் ‘சீக்கிரம்’. ‘ஆந்தலே’யும் இதே குடும்பம். நீங்கள் சொன்னது சரியாகப் பொருந்தும்போது ‘அதேதான்’ என்ற பொருளிலும் வரும், தொலைபேசியை வைக்கும் முன் ‘ஆந்தலே, புவேஸ்’ என்று விடைபெறவும் வரும். ‘ஸாலே’ என்றால் சரி, ஒத்துக்கொண்டேன். புதிதாக வந்தவர்கள் முதலில் ‘ஸாலே’யை எடுத்துக்கொள்வது நல்லது, தவறாகப் போக வாய்ப்பே இல்லாத சொல்.

யாராவது கதை சொல்லும்போது நடுவில் ‘ஆ போக்கோ?’ என்று கேளுங்கள், ‘அப்படியா!’ என்று பொருள். உரையாடல் முழுக்கப் புரியாவிட்டாலும் இது உங்களை அதற்குள் வைத்திருக்கும். ‘கே க்ரேஸ்?’ என்று யாராவது தொடங்கினால் உங்கள் நம்பிக்கை என்னவென்று கேட்கவில்லை. ‘என்ன ஆச்சு தெரியுமா?’ என்று செய்தி சொல்லப்போகிறார். பதில் யோசிக்காமல் ‘கே?’ என்று ஆவலாகக் கேளுங்கள். (நண்பர்களிடம் இந்தக் ‘கே’ தவறில்லை.)

நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘பாத்ரே’. அப்பா என்று பொருள் தரும் அதே சொல்தான். ‘கே பாத்ரே!’ என்றால் ‘அருமை!’ இதை அலுவலகத்தில்கூடச் சொல்லலாம். ‘ச்சீதோ’ அதே பொருளில் இன்னும் கொஞ்சம் தெருவுக்கு நெருக்கமானது. ‘நேத்தா’ என்றால் உண்மை. ‘லா நேத்தா’ என்று வாக்கியம் தொடங்கினால் ‘நிஜமாச் சொல்லணும்னா’. மட்டமான பொருளுக்கு ‘ச்சாஃபா’. வேலைக்கு ‘ச்சாம்பா’. ‘ஆகுவாஸ்!’ என்று யாராவது கத்தினால் தண்ணீரைத் தேடாதீர்கள். ‘பார்த்து!’ என்று எச்சரிக்கிறார்கள், நின்ற இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள்.

நம்ப முடியாததைக் கேட்டால் ‘நோ மான்ச்சேஸ்!’ என்பார்கள். ‘நோ மாமெஸ்’ என்று இன்னொரு வடிவமும் எப்போதும் காதில் விழும். அது வசை. முதலாவது அதை மென்மையாக்கியது. நீங்கள் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் பெரியவர்கள் முன் தவிர்த்துவிடுங்கள்.

5. நேரத்தைச் சொல்லும் சொற்கள்

‘அஓரித்தா’. ‘அஓரா’ என்றால் இப்போது. அதைச் சின்னதாக்கினால் ‘இப்பவே’ என்றுதானே வர வேண்டும்? அகராதிப்படி சரி. தெருவில் அது இப்போதே ஆகலாம், அரை மணி ஆகலாம், சாயங்காலம் ஆகலாம், நடக்காமலும் போகலாம். பயணத் திட்டமே இந்தச் சொல்லில்தான் குலைகிறது. குழாய் சரிசெய்கிறவர் ‘அஓரித்தா வோய்’ (இதோ வருகிறேன்) என்றதை நம்பி நாள் முழுக்க அறையில் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. வர வேண்டும் என்ற எண்ணத்தைச் சொன்னார், மணியைச் சொல்லவில்லை.

ஆகவே அஓரித்தாவைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ‘கோமோ என் குவாந்தோ தியேம்போ?’ (ஏறத்தாழ எவ்வளவு நேரத்தில்?) ‘கோமோ’ என்ற தொடக்கம் முக்கியம். ‘ஏறத்தாழ’ என்ற அந்தத் தளர்வு இருந்தால்தான் நச்சரிப்பதுபோல் ஒலிக்காது. பதிலில் எண் வந்தால் காத்திருக்கலாம். மறுபடியும் அஓரித்தாவே வந்தால் உங்கள் வேலையைப் பார்க்கக் கிளம்பலாம்.

மற்றவையும் உண்டு. ‘ஆல் ராத்தோ’ என்றால் அப்புறம், பெரும்பாலும் இன்றைக்குள். ‘யா மெரீத்தோ’ என்றால் கிட்டத்தட்ட முடிந்தது. ‘லுவேகோ’ என்று ஒரு தடவை சொன்னால் பிறகு. அதையே ‘லுவேகோ லுவேகோ’ என்று இரண்டு தடவை சொன்னால் உடனடியாக! இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளாத புதியவரே இல்லை.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். ‘ஓச்சோ தியாஸ்’ (எட்டு நாள்) என்றால் ஒரு வாரம். ‘கின்ஸே தியாஸ்’ (பதினைந்து நாள்) என்றால் இரண்டு வாரம். திங்கட்கிழமை அன்று ‘எட்டு நாளில் தயார்’ என்றால் அடுத்த திங்களன்றே போய் வாங்கிக்கொள்ளலாம். ‘கின்ஸேனா’ என்பது மாதத்தின் நடுவிலும் கடைசியிலும் வரும் சம்பள நாள். அன்று வங்கி இயந்திரங்களிலும் சாலைகளிலும் கூட்டம் அதிகம், முன்கூட்டியே பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. ‘இல்லை’ என்று சொல்லாமலே சொல்லப்படும் இல்லை

முகத்துக்கு நேரே மறுப்பது முரட்டுத்தனம் என்ற எண்ணம் அங்கே ஆழமாக இருக்கிறது. அதனால் ‘இல்லை’ பல வேடங்களில் வரும். அதை அடையாளம் காண்பதுதான் இந்தப் படி.

‘ஃபீஹெஸே கே…’ என்று ஒருவர் தொடங்கினால் கெட்ட செய்தி வருகிறது என்று பொருள். ‘பாருங்க, விஷயம் என்னன்னா…’ என்று நாம் இழுப்போமே, அப்படி. அதற்குப் பிறகு அறை காலியில்லை, பேருந்து போய்விட்டது, சமையல் முடிந்துவிட்டது என்று ஏதாவது வரும். ‘ஈஹோலே…’ என்று மூச்சை இழுத்துச் சொன்னால் ‘கஷ்டம்’ என்று பொருள். அதற்குமேல் வற்புறுத்தாமல் ‘வேறு வழி இருக்கிறதா?’ என்ற திசையில் கேளுங்கள். மறுத்த பிறகும் உதவத் தயாராகத்தான் இருப்பார்கள்.

நீங்கள் மறுக்க வேண்டிய இடத்திலும் இதே முறைதான். தெருவில் ஏதாவது விற்க வருகிறவரிடம் ‘நோ’ என்று வெட்ட வேண்டாம். ‘அஓரித்தா நோ, க்ராஸியாஸ்’ என்றால் நகர்ந்துவிடுவார். கையைக் காட்டி ‘க்ராஸியாஸ்’ என்று மட்டும் சொன்னாலும் மறுப்புதான். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: இன்னும் தோர்த்தியா (சோள ரொட்டி) வேண்டுமா என்று கேட்கும்போது வேண்டும் என்ற எண்ணத்தில் ‘க்ராஸியாஸ்’ என்றால் தட்டு காலியாகவே இருக்கும். வேண்டுமென்றால் ‘ஸீ, போர் ஃபவோர்’.

இன்னொரு பணிவு மொழி நம்மவர்களை நன்றாகவே குழப்பும். ‘ஸூ காஸா’ என்றால் உங்கள் வீடு. ஆனால் ஒருவர் ‘ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாடு’ என்ற பொருளில் அதைச் சொன்னால், அழைப்பது அவருடைய வீட்டுக்கு. என் வீடு உங்கள் வீடு என்ற மரியாதை அது. சந்தேகமாக இருந்தால் முகவரியைக் கேட்டுவிடுங்கள்.

7. தாக்கோ கடையில் நடக்கும் உரையாடல்

பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கேள்விகள் எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றே, வரிசையும் ஒன்றே.

முதலில் வணக்கம். பகல் பன்னிரண்டு மணிவரை ‘புவேனோஸ் தியாஸ்’, அதற்குப் பிறகு ‘புவேனாஸ் தார்தெஸ்’. அடுத்து எண்ணிக்கையும் வகையும்: ‘மே தா தோஸ் தே பஸ்தோர்?’ (மசாலா தடவிச் சுட்ட பன்றியிறைச்சியில் இரண்டு தருகிறீர்களா?) உடனே ‘கோன் தோதோ?’ (எல்லாம் போட்டா?) என்று கேட்பார். அந்த ‘எல்லாம்’ பொதுவாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும். பஸ்தோர் என்றால் அன்னாசித் துண்டும் சேரலாம். ‘கோன் கோப்பியா’ என்றால் தோர்த்தியா இரண்டிரண்டாக. ‘தே தொமார்?’ என்றால் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

சட்னி வகைகள் முன்னால் இருக்கும். ‘பீக்கா?’ (காரமா?) என்று கேட்டால் ‘காஸி நோ பீக்கா’ (அவ்வளவு காரமில்லை) என்ற பதில் வரும். அவர்கள் அளவுகோலில் அது உண்மை. நாம் காரம் தின்று வளர்ந்தவர்கள் என்று துணிச்சலாகக் கொட்டிக்கொள்ள வேண்டாம். ஹபனேரோ மிளகாயின் காரம் நாம் பழகிய காய்ந்த மிளகாயின் காரத்திலிருந்து வேறுபட்டது. மாட்டிக்கொண்டால் ‘மே என்ச்சிலே’ (காரம் ஏறிவிட்டது) என்று சொல்லுங்கள், எலுமிச்சையோ உப்போ நீட்டி உதவுவார்கள்.

பல கடைகளில் சாப்பிட்டு முடித்தபின்தான் பணம். எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள், எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ‘குவாந்தோ லெ தேபோ?’ (எவ்வளவு தரணும்?) என்றோ ‘மே கோப்ரா?’ (பணம் எடுத்துக்கிறீங்களா?) என்றோ கேட்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் நீங்கள் கேட்கும்வரை ரசீது வராது, கேட்காமல் கொண்டுவருவது விரட்டுவதுபோல் ஆகிவிடும். ‘லா குவேந்தா, போர் ஃபவோர்’ என்று கேளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ‘ஸின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்துவிடும். ‘கார்னே’ என்றால் பலருக்கு நினைவில் வருவது மாடு, பன்றி மட்டுமே. ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ’ (இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன்) என்று முழுதாகச் சொல்லவும். அடுத்ததாக ‘யேவா மாந்தேக்கா?’ என்று கேளுங்கள். மாந்தேக்கா என்றால் பன்றிக் கொழுப்பு. தாளித்த அவரை விழுதிலும், இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் ‘தமால்’ என்ற பண்டத்தின் மாவிலும் அது இருப்பது சாதாரணம். மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்கள் ‘ரெஸ்’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கெஸாதியா (உள்ளீடு வைத்து மடித்த தோர்த்தியா) கேட்கும்போதும் ஒரு விசேஷம். பெயரிலேயே பாலாடைக்கட்டி இருந்தாலும், மெக்சிகோ நகரத்தில் ‘கோன் கேஸோ’ (சீஸுடன்) என்று தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பூசணிப்பூவோ காளானோ மட்டும் வைத்துத் தருவார்கள். மதியச் சாப்பாட்டுக் கடையில் ‘ஆகுவா’ என்றால் பெரும்பாலும் பழம் போட்ட இனிப்பு நீர், வெறும் தண்ணீருக்கு ‘ஆகுவா நத்துரால்’.

8. பேருந்து, மெட்ரோ, சந்தை

பேருந்துக்கு அங்கே ‘காமியோன்’. சிற்றுந்துக்குப் ‘பெஸேரோ’ என்றும் ‘மீக்ரோ’ என்றும் பெயர். ஏறியதும் ‘மே கோப்ரா ஊனோ?’ என்று சொல்லிக் காசைக் கொடுக்கவும். கூட்டத்தில் பின்னால் இருப்பவர்கள் காசைக் கைமாற்றி முன்னால் அனுப்புவார்கள், வந்தால் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இறங்கும் இடத்தில் ‘பாஹான்!’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னால் அடுத்த மூலையில்தான் இறங்குவீர்கள்.

மெட்ரோவில் கதவருகே நிற்கும்போது பின்னாலிருந்து ‘வா ஆ பஹார்?’ என்று கேட்டால் ‘இறங்குகிறீர்களா?’ என்று பொருள். இல்லையென்றால் வழிவிடுங்கள், பதில்கூட வேண்டாம்.

வாரச் சந்தைக்குத் ‘தியாங்கீஸ்’ என்று பெயர். அங்கே ‘பாஸலே, வேரா, பாஸலே, வேரோ’ என்று கூப்பிடுவார்கள். வேரோ, வேரா என்றால் வெளுப்பான ஆள். நம்மைப் பார்த்தா சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள். ஆமாம், வாடிக்கையாளர் எந்த நிறமாக இருந்தாலும் அதே அழைப்புதான். ‘மொரேனோ’ (கருப்பானவர்) என்றும் சிலர் அழைப்பார்கள், பெரும்பாலும் அன்போடுதான். பழகிய கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் ‘மார்ச்சாந்தே’ என்பதுண்டு.

பணத்துக்கு ‘லானா’. பெசோவுக்கு ‘வாரோ’. சில்லறைக்குக் ‘காம்பியோ’, ‘ஃபேரியா’, நாணயக் குவியலுக்கு ‘மொர்ராயா’. பெரிய தாளை நீட்டினால் ‘நோ த்ராயே மாஸ் ச்சீக்கோ?’ (இதைவிடச் சின்னது இல்லையா?) என்பார்கள். காலையில் கிளம்பும்போதே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது ‘வெய்’

இளைஞர்கள் பேசுவதைக் கேட்டால் மூன்று சொல்லுக்கு ஒரு ‘வெய்’ இருக்கும். ஆணும் பெண்ணும் சொல்வார்கள், ‘மச்சி’ என்பதுபோல. ‘எஸே வெய்’ என்றால் ‘அந்த ஆள்’. ஆனால் அறிமுகமில்லாதவரிடம் சூடாகச் சொன்னால் ‘முட்டாள்’ என்ற பொருளே முன்னால் வரும். எருதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இது.

மூன்று விஷயம் கூடிவந்தால் சொல்லலாம். அவர் உங்களை முதலில் ‘வெய்’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் இருவரும் ‘தூ’வில் பேச வேண்டும். அருகில் பெரியவர்களோ மேலதிகாரியோ இருக்கக் கூடாது. அப்போதும் எப்போதாவது ஒன்று போதும். ‘உஸ்தெத்’தோடு ‘வெய்’யைச் சேர்த்துப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். ‘நீங்க சொல்லுங்க மச்சி’ என்று காவலரிடம் பேசுவதுபோல் அது ஒலிக்கும்.

‘கே ஓந்தா?’ (என்ன விசேஷம்?) இதைவிடப் பாதுகாப்பானது, ‘தூ’ உறவு போதும். ‘குவாத்தே’ என்றால் தோழன், யாரிடமும் சொல்லலாம்.

10. புரிய வேண்டும், வாயில் வரக் கூடாது

‘கொஹேர்’: ஸ்பெயினில் எடு, பிடி. மெக்சிகோவில் உடலுறவைக் குறிக்கும் கொச்சை. பேருந்து பிடிக்க, பொருளை எடுக்க ‘தொமார்’ அல்லது ‘அகர்ரார்’. ஸ்பெயின் பாடம் படித்தவர்கள் கிளம்பும் முன்பே இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘மாத்ரே’: அம்மா. ஆனால் வசைகளில் பாதி இதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒருவரின் தாயைப் பற்றிக் கேட்கும்போது ‘மமா’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், கடைசி அசையில் அழுத்தம். நல்ல எண்ணத்தோடு ‘து மாத்ரே’ என்று தொடங்கினாலே கேட்பவர் ஒரு கணம் இறுகிப்போவார்.

‘வேவோஸ்’ என்றால் முட்டைகள், ஆணின் விரைகளையும் குறிக்கும். கடையில் ‘ஆய் வேவோ?’ (முட்டை இருக்கிறதா?) என்று ஒருமையில் கேட்டால் சிரிப்பு எழாது. ‘ச்சிங்கார்’ என்பதும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் வசைக் களஞ்சியத்தின் மையம். பாராட்டாகவும் திட்டாகவும் சலிப்பாகவும் வரும். எது எப்போது என்று பிரித்தறிய நீண்ட காலம் வேண்டும், காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘பின்ச்சே’யும் அப்படியே.

‘ஆல்பூர்’ என்பது இரட்டை அர்த்தத்தில் ஒருவரையொருவர் மடக்கும் பேச்சு விளையாட்டு. சாதாரணமாக மிளகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் சிரிப்பு வந்தால் அதுதான் நடக்கிறது. சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், பதில் சொல்லப் போனால் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு சொற்களை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன்: ‘நாக்கோ’, ‘இந்தியோ’. முதலாவது ஏழை எளியவரின் ரசனையை இழிவுபடுத்துவது. இரண்டாவது பூர்வகுடி மக்களை நோக்கி எறியப்படும் வசை. நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நீங்கள் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

11. நீங்கள் யார் என்று சொல்வது

மேலே சொன்ன காரணத்தால், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தங்களை ‘இந்தியோ’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் கேட்பவர் சங்கடப்படுவார். ‘ஸொய் தே லா இந்தியா’ (நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்) என்று சொல்லுங்கள். இலங்கையர் என்றால் ‘ஸொய் தே ஸ்ரீ லாங்க்கா’. இந்தியர் யாராக இருந்தாலும் ‘இந்தூ’ என்றே பலர் குறிப்பிடுவார்கள். அங்கே அது நாட்டைச் சுட்டும் சொல், மதத்தைக் கேட்கவில்லை.

தாய்மொழி என்ன என்று கேட்டால் ‘தமில்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் காதில் அது ‘தமால்’ என்று விழக்கூடும். ‘ஊனா லேங்குவா தெல் ஸூர் தே லா இந்தியா’ (தென்னிந்திய மொழி ஒன்று) என்று சேர்த்துச் சொன்னால் உரையாடல் சமையலறைக்குப் போகாமல் மொழியிலேயே நிற்கும்.

12. முதல் வாரம் எப்படிப் பழகுவது

வந்த முதல் இரண்டு நாள் பேசுவதைக் குறைத்துக் கேளுங்கள். தெருவில் வண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ‘ஸே கோம்ப்ரான் கொல்ச்சோனெஸ்…’ (மெத்தைகள் வாங்கப்படும்…) என்று பழைய பொருள் வாங்குவோர் போவார்கள். ஒரே பதிவு, ஒரே வேகம், திரும்பத் திரும்ப. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் காதில் பிரிந்து விழும்வரை கேளுங்கள்.

அடுத்து, தினமும் ஒரே தாக்கோ கடைக்கோ காலையில் தமால் விற்கும் வண்டிக்கோ போங்கள். ஊர் முழுக்கச் சுற்றிப் பத்துக் கடையில் பேசுவதைவிட, ஒருவரிடமே பத்து நாள் பேசுவது பலன் தரும். மூன்றாம் நாள் அவரே வேகத்தைக் குறைப்பார், பிழையைத் திருத்துவார். ரொட்டிக்குள் தமாலை வைத்துத் தருவதற்கு ‘வஹொலோத்தா’ என்று பெயர் என்பதெல்லாம் அவரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

புரியாத சொல் வந்தால் ‘கே கியேரே தெஸீர்?’ (என்ன அர்த்தம்?) என்று அங்கேயே கேளுங்கள். கேட்டதைக் குறித்து வைக்கும்போது சொல், பொருள் என்று இரண்டு பத்தி மட்டும் போடாமல் மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: யார், யாரிடம் சொன்னார். இருபது வயதுப் பையன் தன் நண்பனிடம் சொன்னதா, கடைக்கார அம்மா உங்களிடம் சொன்னதா? அந்தப் பத்தியில் பெரியவர்களின் பெயர் வரும் சொற்களை முதலில் வாயில் எடுத்துக்கொள்ளுங்கள்.